கணினிகளை லொறியில் ஏற்றுவதற்கு முன்: வலயக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், ஐ.சி.டி. பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், மாகாணக் கல்வித் திணைக்களத்தில் இந்தக் கோப்பில் கடைசிக் கையெழுத்து வைக்கப்போகிறவருக்கும்,

அடுத்த வருடம் தரம் 10க்குப் போகிற பிள்ளைகளுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் (ஐ.சி.டி.) பாடம் இருக்காது என்று அதிபருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். பாடத்தைத் தெரிவு செய்கிறவர்கள் குறைவாம், கணினிகள் பழையவையாம், ஆகவே ஓடக்கூடியவற்றை டவுனில் இருக்கிற பெரிய பாடசாலைக்கு ஏற்றி அனுப்ப வேண்டும், ஐ.சி.டி. டீச்சரும் அங்கேயே போக வேண்டும், விருப்பமுள்ள பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அங்கே வந்து படித்துக்கொள்ளலாம். ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இதை எழுதுவதற்கு முன் பெற்றோரையோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அந்தப் பாடசாலையில் படித்தவன். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உயர்தரத்தில் கலைப்பிரிவைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அப்புறம் எங்கள் பக்கத்துப் பையன்கள் மாதிரியே நானும் கொழும்பு, புறக்கோட்டைக் கடைக்குப் போனேன், அங்கே பில் போடுகிற கணினியில் தொடங்கியதுதான் இன்றைக்கு ஒரு கொழும்புக் கம்பனிக்குச் செய்நிரல் (புரோகிராம்) எழுதிச் சம்பளம் வாங்குவது வரைக்கும் வந்திருக்கிறது. என் கதையை இதற்கு மேல் நீட்டவில்லை. என் அக்கா மகள் இப்போது தரம் 9இல் இருக்கிறாள், பாடம் தெரிவு செய்கிற படிவம் அவள் பையில் இருக்கிறது, ஆகவே இது எனக்கு வீட்டு விஷயமும்தான். பாடசாலையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் முதலில் விளக்கம் கேட்டுக் கூப்பிடப்படுவது அதிபர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாடசாலை என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும், கடிதம் எழுதியது நீங்கள்தானே.

பழைய கணினிகள் என்ற காரணத்தை முதலில் எடுக்கிறேன், அதை நான் தொட்டே பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அதிபரிடம் அனுமதி வாங்கி, பழைய மாணவர்கள் சிலர் போய்க் கணினிக்கூடத்தைத் திறந்தோம். திறந்தவுடன் ஈரச் சுவர் நாற்றம். எங்கள் பக்கத்து மழைக்கும் பனிக்கும் பூட்டிக் கிடக்கிற அறை என்னவாகும் என்று இந்த மலையிலேயே வேலை பார்க்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீபோர்டுகளில் பூஞ்சணம், பிளாஸ்டிக் உறைக்குள் நீர் பூத்துப்போய், ஒரு மூலையில் எலி வயரைக் கடித்து வைத்திருந்தது. மொத்தம் 18 கணினிகள். உங்கள் அலுவலகத்தின் மதிப்பீட்டு அறிக்கையில் பெரும்பாலானவற்றுக்கு நேரே "இணையம் இயங்கவில்லை, பாவனைக்கு உதவாது" என்று ஒரே வாசகம் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

ஏன் இயங்கவில்லை என்று யாராவது பார்த்தார்களா? முதல் கணினியைப் போட்டவுடனேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. திரையின் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. ஒவ்வொரு கணினியின் தாய்ப்பலகையிலும் ஒரு நாணயக்குற்றி அளவில் சின்ன பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும் ஞாபகத்தில் வைத்திருப்பது அதுதான். அது செத்துவிட்டால் கணினி ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய தேதிக்குப் போய்விடும். இன்றைக்கு இருக்கிற இணையத்தளங்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் அது செல்லும் என்ற கணக்கோடு. 2009இல் நின்றுபோன கணினியின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லை, ஆகவே அது அந்தத் தளங்களைத் திறக்காமல் எச்சரிக்கை மட்டும் காட்டும். டவுனில் கைக்கடிகாரம் திருத்துகிற கடையில் அந்த பேட்டரி சில நூறு ரூபாய். வாங்கிப் போட்டோம், தேதியைத் திருத்தினோம், போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்ததும் பரீட்சைத் திணைக்களத்தின் தளம் திறந்தது. அப்படியே 11 கணினிகள் எழும்பின. இன்னும் இரண்டில் ரேம் கார்டின் தங்க நிறப் பட்டைகள் ஈரத்தில் கறுத்திருந்தன, ஒரு பிள்ளையின் பெட்டியில் இருந்த அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகியவுடன் அவையும் ஓடின. மிச்சம் ஐந்து இடி விழுந்து பவர் சப்ளை எரிந்தவை, சித்திரை மாதத்து இடி எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அவற்றைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் 18இல் 13 ஓடுகிற ஒரு கூடத்தை "பாவனைக்கு உதவாது" என்று எழுதியவர் ஒரு கணினியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அறிக்கையில் இன்னொரு வரி, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ஆதரவு முடிந்துவிட்டது என்று. உண்மைதான், 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு அது முடிந்தது, இந்தக் கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. சரி, யார் அதை ஏற்றச் சொன்னார்கள்? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இலவசம், இந்த வயதுக் கணினிகளுக்கென்றே அதில் பாரம் குறைந்த வகைகள் இருக்கின்றன. பாடத்திட்டத்துக்கு வேண்டிய செய்நிரல் மொழிகளான ஸ்க்ராட்ச், பாஸ்கல், உயர்தரத்துக்கு வேண்டிய பைத்தான், வேர்ட், எக்ஸல் இடத்தில் லிப்ரே ஒஃபிஸ் எல்லாமே அதில் ஓடும். கேரளத்தில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள், பிறகு அரசுப் பாடசாலைகளை அப்படியே லினக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள், இத்தனை வருடமாக அதில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். மூணாறுத் தோட்டத்துப் பிள்ளைகள் போகிற அரசுப் பாடசாலைகளும் அதே மாநிலத்தில்தான் இருக்கின்றன. அதே தேயிலை, அதே குளிர், எங்களைப் போலவே பிழைக்கப் போன சனம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்டால் பதிலுக்கு ஒரு சுற்றுநிருபத்தின் இலக்கம் வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

இனி, தெரிவு செய்கிற பிள்ளைகள் குறைவு என்ற விஷயம். குறைவுதான். ஆனால் ஏன் குறைவு? கூடம் பூட்டிக் கிடந்தது. பூட்டியது யார் என்று அதிபரையோ டீச்சரையோ கை காட்டாதீர்கள், பூட்ட வைத்தது உங்கள் பொருட்பதிவேடு. ஒரு மௌஸ் உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும், ஒரு மொனிட்டர் போனால் கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும், சில நேரம் ஆசிரியரின் சம்பளத்தில் கழிப்போம் என்கிற பேச்சுகூட வரும். அப்படியிருக்க எந்த மனிசர் கூடத்தைத் திறந்து நாற்பது பிள்ளைகளை உள்ளே விடுவார்? பதிவேட்டில் சாமான் பத்திரமாக இருக்கும், பிள்ளையின் கைக்கு மட்டும் வராது. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வைப்பது உங்கள் ஆட்கள்தான், எண்ணிய அத்தனையும் ஈரத்தில் செத்துக்கொண்டிருப்பதை அந்தக் கையெழுத்து காட்டாது.

பூட்டிய கூடத்தோடும் பாடம் நடக்கும் என்பது இன்னொரு கூத்து. சாதாரண தரத்தில் ஐ.சி.டி. எழுத்துப் பரீட்சைதான், ஆகவே கணினியைத் தொடாமலேயே ஒரு பிள்ளை திறமைச் சித்தி எடுத்துவிடலாம். நான் பார்த்த ஒரு கொப்பியைச் சொல்கிறேன். தரம் 11 பிள்ளையின் கொப்பி. பாஸ்கலில் ஒரு செய்நிரல், முழுக்கப் பேனையால் எழுதியது, உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரிகளுக்கு அடிமட்டம் வைத்துப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு அந்தக் கோட்டிலிருந்து எழுத்துக்களைத் தொடங்கியிருந்தாள், அவ்வளவு நேர்த்தி. மூன்று வரிகளின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. டீச்சர் அதைச் சிவப்புப் பேனையால் போட்டு அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கணினி என்றால் ஒரு நொடியில் இன்ன வரியில் பிழை என்று சொல்லியிருக்கும், அவள் திருத்தியிருப்பாள், அடுத்த பிழை வந்திருக்கும், அதையும் திருத்தியிருப்பாள், அரை மணி நேரத்தில் அந்தச் செய்நிரல் ஓடியிருக்கும். செய்நிரல் எழுதப் பழகுவது என்றால் இந்தத் திருத்துகிற வேலைதான், வேறு மந்திரம் ஒன்றும் அதில் கிடையாது. கொப்பியில் மூன்று மாதம் எடுப்பதைக் கணினியில் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். தன் செய்நிரல் ஓடுவதை ஒரு தடவைகூடப் பார்க்காத அக்காமார் தரம் 9 தங்கச்சிக்கு என்ன சொல்வார்கள்? "அது கஷ்டம், நீ சுகாதாரம் எடு" என்பார்கள். எடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைத்தான் நீங்கள் இப்போது காரணமாகக் காட்டுகிறீர்கள்.

கூடம் திறந்ததற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள், உட்காரச் சொன்னேன், என்ன செய்யலாம் என்று கேட்டபோது யாரோ விளையாட்டுக்கு "அம்மாவோட சம்பளத்தக் கணக்குப் பார்ப்போமா" என்றார்கள். அதையே எடுத்தோம். எத்தனை கிலோ என்று கேட்கும், போட வேண்டிய கிலோ நிறைந்தால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), கூடினால் மேல் கிலோவுக்கு இன்ன காசு, கடைசியில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்கும். நான் இவ்வளவுதான் யோசித்திருந்தேன். பிள்ளைகளுக்கு என்னைவிட விதிகள் தெரிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு என்ன கணக்கு, மழைக்குப் பாதியில் நிறுத்தினால் என்ன கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அப்போது தரம் 10 பிள்ளை ஒன்று கேட்டது:

"அண்ணா, கழிவுக்கு என்ன போடுறது? ஒருநாள் ரெண்டு கிலோ வெட்டுறாங்க, ஒருநாள் மூனு. அதுக்கு என்ன கணக்குன்னு அம்மாவுக்கே தெரியாதே."

ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று தராசடியில் வெட்டுகிற கிலோவைத்தான் அவள் கேட்டாள். எங்கள் தாய்மார் ஆயுள் முழுக்க அந்தத் தராசடியில் நின்றிருக்கிறார்கள், முணுமுணுத்திருக்கிறார்கள், சண்டையும் பிடித்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது: மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு விதி எழுத முடிகிறது, இதற்கு மட்டும் எழுத முடியவில்லை, ஏனென்றால் விதியே இல்லை, யாரோ அன்றைக்கு நினைத்த எண் அது. பதினைந்து வயதுப் பிள்ளை அவ்வளவு தெளிவாக அந்த இடத்தில் விரல் வைத்தது. அன்றைக்கு அந்தப் பெட்டியில் 2 என்று போட்டோம், பக்கத்தில் "கேட்க வேண்டும்" என்று குறித்து வைத்தோம். ஐ.சி.டி. படிப்பதால் என்ன பலன் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கணினி தோட்டத்துக்கு வந்து கனகாலமாகிவிட்டது, ஐயா. எங்கள் பக்கத்தில் கொழுந்து நிறுப்பது பல இடங்களில் இலத்திரனியல் தராசில், செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவேடு ஆபீஸ் கணினியில், சம்பளத் துண்டு பிரிண்டரில் இங்கிலீஷில் வருகிறது. 2022இல் பெட்ரோலுக்கு கியூ.ஆர். வந்தது, 2023இல் அஸ்வெசும நிவாரணத் திட்டம் வந்தது, 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கட்டணங்களுக்கு கவ்பே வந்தது, டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று ஒரு அமைச்சே இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்தவுடன் எங்கள் டவுனில் இருக்கிற கொமியுனிகேஷன் கடையில் போய் நின்று பாருங்கள். எந்தப் பாடநெறி முதலாவது, எந்தப் பல்கலைக்கழகம் இரண்டாவது என்ற வரிசையைக் கடைப் பையன்தான் டைப் அடிக்கிறான், பிள்ளை பின்னால் நின்று பார்க்கிறது. இமெயிலும் அவனே தொடங்கிக் கொடுத்தது, பாஸ்வேர்ட் அவன் கொப்பியில். இரண்டு மாதம் கழித்து இமெயிலில் ஒரு அறிவித்தல் வந்தால் பிள்ளைக்குத் தெரியாது. ஆயுள் முழுக்கத் தீர்மானிக்கிற ஒரு படிவம், அதை நிரப்புகிறவனுக்கு அன்றைக்கு அது முப்பதாவது படிவம்.

உங்கள் கடிதம் பற்றிப் பேசப் போன பெற்றோரிடம் ஓர் அதிகாரி மூன்று விஷயம் சொன்னாராம். யார் என்று எழுதவில்லை, இப்படி நினைக்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

ஒன்று, எல்லாப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறதே என்று. எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லை, அப்பாவின் போன் இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2020இல் பாடசாலைகளை மூடியபோது சிக்னல் தேடி மேல் கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) மலைக்கு ஏறிப் போய் நின்ற பிள்ளைகளை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அதை விடுங்கள், போன் இருந்தாலும் அதில் பார்க்கலாம், கேட்கலாம், அனுப்பலாம். ஒரு வேலையைச் செய்து முடித்து, பெயர் வைத்து, ஓர் இடத்தில் சேமித்து, மறுநாள் திறந்து தொடர்வதற்கு கீபோர்டும் பெரிய திரையும் வேண்டும். போனில் மட்டும் வளர்ந்த பிள்ளைக்கு ஃபோல்டர் என்றால் என்ன என்றே தெரியவில்லை, டவுன்லோட் பண்ணின ஃபைல் எங்கே போனது என்று என்னைக் கேட்கிறார்கள், எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

இரண்டாவது, ஏ.ஐ. வந்துவிட்டது, இனிச் செய்நிரல் படித்து என்ன பிரயோசனம் என்று. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது, நானும் தினமும் அந்த மாதிரிக் கருவிகளைப் பாவிக்கிறேன். கேட்டால் நிமிடத்தில் எழுதித் தரும். தந்ததில் எது சரி, எது சரி போலத் தெரிகிற பிழை என்று பார்ப்பதற்குத்தான் கம்பனி எனக்குச் சம்பளம் தருகிறது. அதே சம்பளக் கணக்கை அதனிடம் கேட்டுப் பார்த்தேன், அழகாக எழுதித் தந்தது, தராசடிக் கழிவு என்ற பேச்சே அதில் இல்லை. அதற்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தத் துறையில் இடம் சுருங்கும் என்ற பயம் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இடம் சுருங்கும்போது முதலில் வெளியே நிற்கப்போகிறது அடிப்படையே தெரியாதவன்தான், டவுன் பிள்ளைக்கு வீட்டில் லேப்டாப்பும் பிரத்தியேக வகுப்பும் இருக்கும், எங்கள் பிள்ளைக்கு அந்தக் கூடம் ஒன்றுதான்.

மூன்றாவதை அவர் நேராகச் சொல்லவில்லை. "இந்தப் பிள்ளைகளுக்கு விவசாயம், மனைப்பொருளியல் மாதிரிப் பாடம்தான் ஒத்துவரும்" என்று சொன்னாராம். அந்தப் பாடங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, விரும்பிய பிள்ளை படிக்கட்டும். "இந்தப் பிள்ளைகளுக்கு" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது, தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன, அரசாங்கம் அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களில். பிள்ளைக்காம்பராவுக்கு (கைக்குழந்தைகளைப் பார்க்கிற இடத்துக்கு) பக்கத்தில் ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பு நடத்திய காலத்திலும் இதே நியாயத்தைத்தான் தோட்டத்தை நடத்திய துரைமார் சொன்னார்கள், கொழுந்துப் பறிக்கிறவனுக்கு எதற்குப் படிப்பு என்று. சுமார் முப்பது வருடம் பிந்தி வந்த சனத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டிய இடத்தில், இருப்பதையும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்.

சனிக்கிழமை வகுப்பைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்குக் காலையில் ஒரு பஸ், அது வந்தால். மழைக் காலத்தில் மண் சரிந்து ரோட்டு மூடினால் அதுவும் இல்லை. ஆட்டோவுக்குக் கேட்கிற காசைக் கொடுத்துப் பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அனுப்பி, பின்னேரம் இருட்டும்வரை வழி பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள். முதல் மாதம் நாலு பிள்ளை வரும், மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு "தோட்டப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று இன்னொரு அறிக்கை எழுதுவீர்கள்.

வீட்டிலேயே வாங்கிக் கொடுக்கலாமே என்றால், அதற்கும் கணக்குப் போட்டுவிடுவோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் நிர்ணயித்தது 1,350 ரூபாய். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஒரு சாதாரண லேப்டாப் என்றால் 111 நாள் பேர், அதுவும் சாப்பிடாமல், கடைக் கடன் கட்டாமல், சேமலாப நிதி கழிக்காமல். அதற்குப் பிறகு சம்பளம் கூடினாலும் அது மாதக்கணக்கில் உழைத்துச் சேர்க்க வேண்டிய காசுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது கணினி விலை எங்கே போனது என்று உங்கள் வீட்டுக்கும் தெரியும். தேயிலை 2024இல் நாட்டுக்குச் சுமார் 1.4 பில்லியன் டொலர் கொண்டுவந்தது. அதைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு 13 பழைய கணினிகளை விட்டுவைப்பதற்குக் காசு செலவாகாது, ஒரு கடிதத்தை வாபஸ் வாங்கினால் போதும்.

டவுன் பாடசாலைக்கும் கணினி போதாது என்பதை நான் மறுக்கவில்லை. அங்கேயும் எங்கள் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். ஐ.சி.டி. ஆசிரியர்கள் வலயம் முழுக்கத் தட்டுப்பாடு என்பதும் தெரியும். அந்தத் தட்டுப்பாட்டை மாகாணத்திடம் ஆள் கேட்டு வாங்கித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஒரு தோட்டத்துப் பாடசாலையை வெறுமையாக்கித் தீர்க்காதீர்கள்.

நாங்கள் கேட்பது இவை. அந்தக் கடிதத்தை உடனே நிறுத்திவையுங்கள், ஒரு கணினியும் வெளியே போகக்கூடாது, இந்த முறை தரம் 9 படிவத்தில் ஐ.சி.டி. இருக்க வேண்டும். டீச்சரின் இடமாற்றத்தை, பதிலுக்கு ஒருவர் வந்து பொறுப்பேற்கும்வரை நிறுத்துங்கள். கணினிகளைத் திரும்ப மதிப்பிட மூடியைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், பழைய மாணவர்கள் நாங்களும் கூடவே நிற்கிறோம், லினக்ஸ் ஏற்றுவதும் வருடா வருடம் பராமரிப்பதும் எங்கள் செலவில், அதற்கு எழுத்தில் அனுமதி தாருங்கள். கூடத்தை வாரத்தில் குறைந்தது நான்கு நாள் திறந்துவைக்க வேண்டும் என்றும், பிள்ளைகள் பாவித்துப் பழுதானால் அதை அதிபரிடமோ ஆசிரியரிடமோ அறவிடுவதில்லை என்றும் ஒரு சுற்றுநிருபம் போடுங்கள், என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் கிடைத்து இது கிடைக்காவிட்டால் கூடம் மறுபடியும் பூட்டித்தான் கிடக்கும். வலயத்தில் இதே மாதிரிக் கடிதம் போன மற்றப் பாடசாலைகள் எவை என்ற பட்டியலையும் வெளியிடுங்கள்.

கடைசியாக, பெற்றோரோடு ஒரு கூட்டம். பாடசாலையிலேயே, தமிழில், தயவுசெய்து காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், பத்து மணிக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். பின்னேரக் கொழுந்து நிறுத்த பிறகு ஐந்து மணிக்கு வாருங்கள், எல்லோரும் வருவார்கள்.

பதிலை எழுத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயருக்கு அனுப்புங்கள். இந்த மாத முடிவுக்குள் வராவிட்டால், மதிப்பீட்டு அறிக்கை, அதைத் தயாரித்தவரின் தகைமை, தீர்மானம் எடுத்த கூட்டத்தின் அறிக்கை ஆகிய மூன்றையும் கேட்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுப்போம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தை அச்செடுத்து, பெற்றோரின் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பாடசாலையின் பழைய மாணவன் ஒருவன்